ஏவோமீட்டர் மாடல் 8: யாங்கோன் ஈரத்தில் 22 ஆண்டுகள்

யாங்கோன் மகாபண்டுலா சாலையை ஒட்டிய எங்கள் வானொலி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடையில், தொழில் கற்றுக்கொடுத்த மாமா தந்துவிட்டுப் போன ஏவோமீட்டர் மாடல் 8 (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் முள் மீட்டர்) ஒன்று 22 ஆண்டுகளாக அன்றாடம் உழைத்து வருகிறது. 1951இல் அறிமுகமான மாடல் அது. இத்தகைய முள் மீட்டர்களில் முள்ளை நகர்த்தும் சுருளும் காந்தமும் கடைசிவரை தாங்கும் என்றும், அவற்றைச் சுற்றியிருப்பவைதான் முதலில் பழுதாகும் என்றும் அனுபவத்தில் கண்டேன்.

மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையின் ஈரம் முதலில் பிடிப்பது, அளவு வரம்பை மாற்றும் ரேஞ்ச் சுவிட்சை. தொடுமுனைகளில் களிம்பேறினால், நல்ல மின்தடையும் கெட்டதுபோல் காட்டும். சுத்தம் செய்தவுடன் சரியாகிவிடும். அதைவிடக் கொடியது உள்ளே மறந்துவிட்ட பேட்டரி. ஓம் அளவுக்காக, அதாவது மின்தடையை அளக்க, 1.5 வோல்ட், 15 வோல்ட் என இரண்டு பேட்டரிகள் இதில் உண்டு; ஒருமுறை அவற்றில் ஒன்று கசிந்து பிடிப்பான் தகட்டையே அரித்துவிட்டது. அன்றுமுதல் மழை தொடங்குமுன் இரண்டையும் கழற்றிப் பார்க்காமல் விடுவதில்லை.

ஒரு நாள் முள் 40ஐத் தாண்ட மறுத்தது. சுருள் போய்விட்டதோ என்று மனம் பதறியது. கண்ணாடியைக் கழற்றி, உருப்பெருக்கியில் பார்த்தால், சுருளுக்கும் காந்தமுனைக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத அந்த இடுக்கில், மயிரிழைபோல் ஓர் இரும்புத்தூள் நின்றது. அதே மேசையில் ஸ்பீக்கர் சட்டத்தை நான் அரம் போட்டதன் விளைவு அது. காந்தம் பிடித்ததை ஊதி எடுக்க முடியாது. மூங்கில் சீவலின் நுனியில் ஒட்டுநாடாவைச் சுற்றி, பிற்பகல் முழுவதும் பொறுமையாகத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். இப்போது அந்த மேசையில் அரம் தொடுவதில்லை.

மீட்டரின் உள்தடை வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்பதால், முள் கடைசிவரை நகர 50 மைக்ரோஆம்பியர் மட்டுமே போதும். அவ்வளவு மென்மையான சுருள் தப்பிப் பிழைப்பதற்கு, மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் கட்அவுட் பெரிய காரணம். உதவிக்கு வந்த தம்பி ஓம் ரேஞ்சில் வைத்தபடியே 230 வோல்ட்டைத் தொட்டபோது, கட்அவுட் குமிழ் துள்ளி எழுந்தது. மின்தடை ஒன்று கருகியது; முள்ளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கிச் செல்லும்போது பெரிய மின்னோட்ட ரேஞ்சில் வைத்தால், ஷண்ட் எனப்படும் சிறு மின்தடை, முள்ளின் சுருளைக் குறுக்கிணைத்து முள்ளின் ஆட்டத்தை அடக்கும் என்பதும் மாமா சொல்லித் தந்ததே.

இங்கே ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்குவதை எண்கள் தாவும் டிஜிட்டலைவிட முள்ளின் அசைவிலேயே என் கண் விரைவாகப் பிடிக்கிறது. கடந்த மாதம் டிஜிட்டல் 12.6 காட்டிய பேட்டரியில் இது 12.5ஐச் சற்றுத் தாண்டி நின்றது. நிமிர்த்தி வைத்தால் மட்டும் முள் சுழலும் ஊசியச்சு சற்றே சிக்கி, விரலால் தட்டினால்தான் முள் பூச்சியத்துக்கு வருகிறது. மேசையில் படுக்க வைத்தால் அந்தத் தடங்கலும் இல்லை.