சோயாவா, பாரஃபினா? ஒரே நாளில் ஊற்றிய இரண்டு ஜாடிகள்

வீட்டில் வாசனை மெழுகுவர்த்தி செய்யலாமே என்று இறங்குகிற யாரும் முதலில் போய் முட்டிக்கொள்வது மெழுகில்தான்: சோயா எண்ணெயிலிருந்து செய்யும் சோயா மெழுகா, பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபினா? 'சோயா இயற்கை, பாரஃபின் விஷம்' என்று ஒரு கட்சி. 'சோயாவில் வாசனையே வராது, காசுக்குப் பிடித்த கேடு' என்று எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இரண்டையுமே வாங்கிவிட்டேன். ஒரே மாதிரியான 200 மில்லி கண்ணாடி ஜாடி இரண்டு, ஒரே லாவெண்டர் வாசனை எண்ணெய், ஒரே அளவு பருத்தித் திரி. ஒரே சாயங்காலத்தில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த 'ஒரே'க்களில் ஒன்று தப்பு. எது என்று எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கே பேசுவது ஜாடியிலேயே ஊற்றி ஜாடியிலேயே எரிக்கும் வகையைப் பற்றி. தானாக நிற்கும் தூண் மெழுகுவர்த்திக்கு இன்னும் கெட்டியான மெழுகு வேண்டும். ஜாடிக்கென்று விற்கும் சோயா மெழுகு ஐம்பது டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். பாரஃபினில் பல தரம் உண்டு. ஜாடிக்கானது ஐம்பதை ஒட்டி உருகும், தூணுக்கானது அறுபதை ஒட்டி. பாக்கெட்டில் எதற்கானது என்று பார்க்காமல் வாங்கினால் ஆரம்பமே கோணல்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெழுகு தண்ணீரைவிட லேசு. 200 மில்லி ஜாடியை விளிம்புவரை நிரப்பினாலும் சுமார் 180 கிராம்தான் பிடிக்கும். மேலே கொஞ்சம் இடம் விட்டு 150 கிராம் மெழுகு, அதில் எட்டு சதவீதம் வாசனை எண்ணெய், அதாவது 12 கிராம். இதைக் கரண்டியால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு கனம், அதனால் எடைதான் சரி. உருக்குவதற்குக் கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தால் போதும். நேரடித் தீ வேண்டாம். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபக்கமும் தெறிக்கவைக்கும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்கள்.

உறைந்த பிறகு

மறுநாள் காலையில் சோயா ஜாடி சமர்த்தாக இருந்தது. மேற்பரப்பு வழவழவென்று, வெள்ளைக் கூழாங்கல் மாதிரி. பாரஃபின் ஜாடியில் திரியைச் சுற்றி ஒரு குழி. குச்சியால் லேசாகக் குத்திப் பார்த்தேன். மேலே இருந்த மெல்லிய தோல் உடைந்து உள்ளே போய்விட்டது. அடியில் விரல் நுனி நுழையும் அளவுக்கு வெற்றிடம். பாரஃபின் உறையும்போது நன்றாகச் சுருங்கும். ஜாடியின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகிவிட, நடுவில் கடைசியாக உறைவது பக்கங்களை நோக்கி இழுபட்டுக் குழிந்துபோகிறது. இதற்கு வைத்தியம் எளிது: ஊற்றும்போதே கொஞ்சம் மெழுகைத் தனியாக எடுத்துவைத்து, உறைந்தபின் மேல்தோலைக் குத்தி விட்டு, இரண்டாம் முறை சற்றுச் சூடாக ஊற்ற வேண்டும். வேலை இரட்டிப்பு, ஆனால் பலன் உறுதி.

சோயாவின் சமர்த்து ஒரு வாரம்தான் நீடித்தது. அதற்குள் கண்ணாடியை ஒட்டி, சுவரில் உப்புப் பூத்தது போல வெளேரென்று திட்டுத் திட்டாக ஏதோ படர்ந்தது. பூஞ்சையோ என்று பயந்தேன். சோயா மெழுகு அடிப்படையில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். கொழுப்புக்கே உரிய குணப்படி அது மெதுமெதுவாக வேறு படிக வடிவத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் படிகங்கள்தான் இந்தப் பூப்பு. எரிவதற்கோ வாசனைக்கோ ஒரு கெடுதலும் இல்லை. வண்ணம் சேர்க்காமல் வெள்ளையாகவே விட்டால் கண்ணுக்கே தெரியாது. கருநீலமோ சிவப்போ சேர்த்தீர்களோ, மொத்தமும் காட்டிக்கொடுத்துவிடும். வண்ணத்தில் ஆசை இருக்கிறவர்களுக்குப் பாரஃபின்தான் தோது. (எதில் செய்தாலும் கிரேயானைச் சீவிப் போடாதீர்கள். அதிலிருக்கும் நிறமித் துகள் திரியை அடைத்துவிடும்.)

வாசனை

மூன்றாம் நாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பாரஃபின் 'இதோ இருக்கிறேன்' என்றது. சோயாவில் மூக்கை ஜாடிக்குள் விட வேண்டியிருந்தது. இந்த நிலையிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் எதிர்க்கட்சியில் சேர்ந்திருப்பேன். ஆனால் சோயாவுக்குப் பதப்பட ஒன்றிரண்டு வாரம் தர வேண்டும், பாரஃபினுக்கு மூன்று நாள் போதும் என்பது அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வது. சரி என்று மூடி வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சோயாவும் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தது.

அப்புறம் கொளுத்தினேன். பாரஃபின் ஏற்றி முக்கால் மணி நேரத்தில் அறை முழுக்க லாவெண்டர். சோயா இரண்டு மணி நேரம் எரிந்தும் அருகில் போனால்தான் தெரிந்தது. எரியும்போது வாசனையைப் பரப்புவதில் பாரஃபினுக்குக் கை மேலே என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் இவ்வளவு வித்தியாசமா? இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

திரி

சோயா ஜாடியைக் குனிந்து பார்த்தேன். ஜாடியின் வாய் ஏழு சென்டிமீட்டர் அகலம். உருகி நின்ற மெழுகோ ஒரு நாணய அகலத்துக்குத்தான். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உருகாத வெள்ளைச் சுவர். சுடர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குடத்திலிட்ட விளக்கு என்று சும்மாவா சொன்னார்கள், அப்படியே கண் முன்னால். வாசனை வருவது சுடரிலிருந்து இல்லை. உருகி நிற்கும் அந்தக் குளத்தின் பரப்பிலிருந்துதான் எண்ணெய் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. குளம் சின்னது, வாசனையும் சின்னது.

என் தப்பு இதுதான்: நியாயமாக இருக்கட்டும் என்று இரண்டுக்கும் ஒரே திரியைப் போட்டது. அதே ஜாடியில் சோயாவுக்குப் பொதுவாகப் பாரஃபினைவிட ஓரிரு அளவு பெரிய திரி வேண்டும். உருகிய பிறகும் அது கொஞ்சம் பிசுக்கென்று இருப்பதால் திரி வழியாக மேலே ஏறுவது மெதுவாக நடக்கும். நான் வைத்த போட்டியில் ஒரு ஓட்டக்காரருக்கு மட்டும் செருப்பு இரண்டு அளவு சின்னது. அதனால் இரண்டாம் சுற்றில் மூன்று சோயா ஜாடி ஊற்றினேன். ஒன்றில் பழைய திரி, அடுத்ததில் ஒரு அளவு பெரியது, மூன்றாவதில் இரண்டு அளவு பெரியது. எது என்று மறக்காமல் இருக்க ஜாடிக்கு அடியில் சீட்டு ஒட்டினேன்.

மூன்றாவது ஜாடி மூன்றரை மணி நேரத்தில் விளிம்பிலிருந்து விளிம்புவரை உருகியது. குளத்தின் ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வாசனை பாரஃபினுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்து அறைவரை போனது. இதைவிடப் பெரிய திரி போட்டால் என்ன ஆகும் என்றும் நான்காவதாக ஒரு சோயா ஜாடியில் பார்த்தேன்: சுடர் உயர்ந்து துடிக்கும், ஜாடியின் கழுத்தில் கரி படியும், திரி நுனியில் காளான் குடை மாதிரி கரி உருண்டை சேரும், கண்ணாடி கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் அகலம் உருகினால் சரி என்பது தோராயக் கணக்கு. ஏழு சென்டிமீட்டர் ஜாடிக்கு மூன்று மணி நேரத்தைத் தொட வேண்டும். முதல்முறை ஏற்றும்போது குளம் விளிம்பைத் தொடும்வரை அணைக்காதீர்கள். பாதியில் அணைத்துப் பழக்கினால் அடுத்தடுத்த முறையும் கிணறு வெட்டவே பார்க்கும்.

பருத்தித் திரியா, மரத் திரியா என்று இன்னொரு போட்டி ஓடுகிறது. மரம் எரியும்போது மெல்லப் பொரிகிற சத்தமும் அகலமான தாழ்ந்த சுடரும் அழகுதான். ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளம் விட்டால் எரிய முரண்டு பிடிக்கும், ஓரமாகப் பற்றி நடுவில் அணையும், தன் மெழுகிலேயே மூழ்கும். பருத்தித் திரியின் பின்னலில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 1820களில் பிரான்ஸில் வந்த யோசனை அது: பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானாகவே எரிந்து கழிந்துவிடும். அதற்கு முன்பு முறுக்கிய திரியைக் கத்தரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஜாடியில் இப்போதும் ஒவ்வொரு முறை ஏற்றும் முன் ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டுக் கத்தரிப்பது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பருத்தியோடு நிற்கட்டும். மரம் பிறகு பார்க்கலாம்.

விஷம் என்ற பேச்சு

பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆகவே விஷம் என்கிற வாதம் எனக்கு ஒப்பவில்லை. எந்த மெழுகானாலும் ஒழுங்காக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் மிஞ்சும். கரும்புகை வருவது ஒழுங்காக எரியாதபோது: திரி பெரிதாக இருந்தால், காற்று அடித்தால், வாசனை எண்ணெயை அள்ளிக் கொட்டினால். சோயாவும் அப்படித்தான் புகையும். என் நான்காவது ஜாடியே சாட்சி. உண்மையான விஷம் ஒரு காலத்தில் திரியில் இருந்தது. நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003இல் தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால், 1830இல் ரைக்கன்பாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மரத்திலிருந்து கிடைக்கும் தாரிலிருந்து பாரஃபினைப் பிரித்தெடுத்தார்; பிற்பாடு அது மெழுகுவர்த்திக்கு வந்தபோது, நாற்றமும் புகையுமாக எரிந்த கால்நடைக் கொழுப்புக்கு மாற்றான சுத்தமான பொருளாகத்தான் பார்க்கப்பட்டது. பெட்ரோலியப் பொருளைத் தவிர்க்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை என்றால் சோயாவுக்குப் போங்கள், அது நேர்மையான காரணம். மூச்சுக்குப் பயந்து என்றால் திரியை முதலில் சரிபாருங்கள்.

மற்ற மெழுகுகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதற்கென்று சொந்த மணம் உண்டு, நீங்கள் சேர்க்கும் வாசனையோடு மல்லுக்கு நிற்கும். வாசனை ஜாடிக்கு அது வேண்டாம். தேங்காய் மெழுகு வாசனையை நன்றாகத் தரும், ஆனால் மிருது. சமையல் தேங்காய் எண்ணெயை ஊற்றி உறையவைத்தால் தேங்காய் மெழுகு ஆகாது; அது 24 டிகிரியிலேயே இளகிவிடும். சோயாவும் பாரஃபினும் கலந்து வருவது ஒன்று இருக்கிறது. இரண்டு கட்சியும் ஏளனம் செய்யும் அந்தக் கலவைதான் குழியும் அதிகம் விழாமல், வாசனையும் குறையாமல் அமைகிறது என்பது என் அனுபவம்.

எண்ணெயும் ஜாடியும்

வாசனைக்குச் செடிகொடிகளிலிருந்து வடித்தெடுக்கும் எசென்ஷியல் ஆயிலா, மெழுகுவர்த்திக்கென்று தயாரித்த வாசனை எண்ணெயா? எனக்கு இதில் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரியான எசென்ஷியல் ஆயில்கள் சீக்கிரம் பறந்துவிடும். ஊற்றும்போது வீடு மணக்கும், எரிக்கும்போது ஒன்றும் இருக்காது. லாவெண்டர், பச்சோலி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்கும் நிறைய ஊற்ற வேண்டும், கையைக் கடிக்கும். உடம்பில் அடிக்கும் பெர்ஃப்யூம் கூடவே கூடாது. அதிலிருப்பது பெரும்பகுதி ஆல்கஹால், மெழுகில் கலக்காது, சூட்டில் பற்றிக்கொள்ளும்.

எண்ணெயைக் கலப்பது எப்போது என்பதில் நான் கண்டது: சோயா 80, 85 டிகிரியில் இருக்கும்போது ஊற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 60 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் ஜாடியில் விட்டால் மேற்பரப்பு நன்றாக வருகிறது. பாரஃபினைக் கொஞ்சம் சூடாகவே, எழுபதுக்கு மேல் ஊற்றலாம். எண்ணெயைக் கூட்டினால் இன்னும் மணக்குமே என்று ஆசைப்பட்டு ஒருமுறை பன்னிரண்டு சதவீதம் போட்டேன். இரண்டாம் நாள் மெழுகு வேர்த்து, மேலே எண்ணெய் முத்து முத்தாக நின்றது. திரியும் திணறியது.

ஜாடி விஷயத்தில் இரண்டே நிபந்தனைதான்: சுவர் தடித்ததாக, வாய் அடியைவிடக் குறுகாததாக இருக்கட்டும். மெல்லிய கண்ணாடிக் கோப்பை சூட்டில் விரிசல் விடலாம். டின் டப்பா உடையாது, பூப்பும் தெரியாது, ஆனால் அடி சுடும், மேஜைக்கு மேல் ஒரு தட்டு வையுங்கள். எதில் எரித்தாலும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும்.

இந்த வாரமே யாருக்காவது பரிசளிக்க வேண்டும் என்றால் பாரஃபினோ கலவையோ செய்யுங்கள். காத்திருக்க முடியும், வெள்ளையாகவே இருந்தால் போதும் என்றால் சோயா, கூடவே ஓரிரு அளவு பெரிய திரி. கிணறு வெட்டிய என் முதல் சோயா ஜாடியைத் தூக்கிப்போடவில்லை. வெந்நீரில் நிற்கவைத்து உருக்கி, பழைய திரியைக் குறட்டால் பிடுங்கிவிட்டு, பெரியதை ஒட்டி, அதே மெழுகைத் திரும்ப ஊற்றினேன். நேற்று மூன்று மணி நேரம் எரிந்தது. ஓரத்தில் வெள்ளைச் சுவர் இல்லை.