தேக்கா, மாவா, பிளைவுட்டா? முதல் சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பலகை

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் யாரிடமாவது, மா மரத்தில் சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார். மாம்பழத்துக்கு இவ்வளவு பெயர் வாங்கிய ஊரில் அந்த மரத்தின் மதிப்பு சென்ட்ரிங் பலகையோடும் பெட்டியோடும் நின்றுவிடுகிறது, மிச்சம் விறகு. "மேசை என்றால் தேக்குதானே மாப்பிள்ளை" என்றார் என் மாமா. அவர் வீட்டு மேசைக்குச் சன்மைக்கா ஒட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதுவரை மூன்று மேசை செய்திருக்கிறேன். தொழில் தச்சு அல்ல, ஞாயிற்றுக்கிழமை வேலைதான். மூன்றும் மூன்று வகைப் பலகை. அவற்றில் ஒன்று வளைந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. நீளம் 5 அடி, அகலம் 3 அடி, உயரம் 30 அங்குலம். பக்கத்துக்கு இரண்டு பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என ஆறு பேர் உட்காரலாம். மேல்பலகை ஒன்றேகால் அங்குலக் கனம், கால்கள் 3 அங்குலச் சதுரம், மேல்பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் சுற்றுச்சட்டம் 4 அங்குல அகலம் என்றால் மரம் சுமார் 2.6 கனஅடி ஆகும். இழைப்பில் போவது, முடிச்சு, வெடிப்பு எல்லாம் சேர்த்து மூன்றரை கனஅடியாவது வாங்க வேண்டும். புதியவருக்குத் தப்பு அறுவைக்கே அரை கனஅடி போய்விடும். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த அரை கனஅடியை மறந்துவிடக் கூடாது.

எங்கள் கொல்லையில் காய்ப்பு விட்டுப்போன பெங்களூரா ரக மா மரம் ஒன்று இருந்தது. ஆடியில் வெட்டி, சா மில்லில் பலகையாக அறுத்து, மாட்டுக் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இடையில் காற்றுப் போக ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம், வைக்கவில்லை. மார்கழியில் எடுத்துப் பார்த்தபோது கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. தேன் நிறம், நடுவே கருஞ்சாம்பல் ரேகை. அப்படி ஓர் அழகு தேக்கில்கூட வராது. நான்கு பலகைகளைப் பெவிகால் போட்டு ஒட்டி, சட்டத்தோடு திருகாணியால் இறுக்கி, பொங்கலுக்கு அதில் சாப்பிட்டோம். சித்திரை வெயில் வந்ததும் ஒவ்வொரு பலகையும் கூரை ஓடு ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்தது. தட்டில் ஊற்றிய ரசம் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கியது. இரண்டாவது பலகையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. ஆனியில் மேசைக்கு அடியில் வண்டு துளைத்த வெள்ளைத் தூள். காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடியும். மா மரம் மாவாகவே கொட்டியது.

இதில் மரத்தின் குற்றம் பாதிகூட இல்லை. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது நிழலில் காயவைக்கும் பழைய கணக்கு. நான் கொடுத்தது ஐந்து மாதம். வண்டு விவகாரம் மட்டும் மாவின் சொந்தக் குறை. அதில் வைரம், அதாவது நடுவே முற்றி இறுகிய பகுதி, என்று பிரித்துச் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. முழுக்க மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதி, வண்டுக்கு அது விருந்து. அறுத்த அன்றே, பலகை ஈரமாக இருக்கும்போதே, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இருபுறமும் நன்றாகப் பூச வேண்டும். ஈரம் இருந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். காய்ந்தபின் பூசினால் மேலோடு நின்றுவிடும். அறுக்காமல் கட்டையை மழையில் போட்டு வைத்தால் கருநீலக் கறையும் பிடிக்கும். நார் முன்னும் பின்னுமாக ஓடுவதால் இழைப்புளி சில இடங்களில் செதிலாகப் பெயர்க்கும். இழைப்புளியின் அலகைக் கூராக்கி, மிக மெல்லிதாகச் சீவி, மீதியை உப்புத்தாளுக்கு விட்டுவிடலாம்.

தேக்குக்கு வருவோம். சுருக்கம் குறைவு, கரையான் எளிதில் நெருங்காது, உளிக்கு வெண்ணெய்போல் இசையும். இவை யாவும் உண்மை, ஆனால் வைரம் பாய்ந்த தேக்குக்கு உண்மை. இங்கே வரப்போரத்தில் வைத்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெட்டும் தோட்டத் தேக்கை அறுத்துப் பாருங்கள்: நடுவில் கைப்பிடி அளவு பொன்னிறம், சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளையை வண்டு தேக்கென்று பார்த்து ஒதுங்குவதில்லை. முற்றிய தேக்கு வாங்கினாலோ, மூன்றரை கனஅடிக்குக் கொடுக்கும் பணத்தில் அநேகமாகக் கடையில் முடித்த மேசையே கிடைத்துவிடும். ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம்: மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, இழைத்த கையோடு, தின்னர் தொட்ட துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். எனக்கு இவற்றைவிடப் பெரிய தடை பயம். இவ்வளவு விலை கொடுத்த பலகையில் ரம்பத்தை வைக்கக் கை வராது. கை நடுங்கினால் கோடு தப்பும்.

வேம்பை அம்மா பேச்சிலேயே முடித்துவிட்டார். "மாரியாத்தா மரத்தை அறுத்து அதன்மேல் கறிக்குழம்பு வைப்பாயா?" அதற்கு மேல் ஒப்பிட என்ன இருக்கிறது. கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் நல்ல மரம். இழைக்கும்போது பறக்கும் தூள் தொண்டைவரை கசக்கும். புளி மரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கறிக்கடைக் கட்டை எதில் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது மேசைக்குப் பிளைவுட் வாங்கினேன், முழுக்க ரோஷத்தில். 8 அடிக்கு 4 அடி தாள், 19 மில்லிமீட்டர் கனம். மேல்பலகை போக மிஞ்சிய 3 அடித் துண்டில் ஒரு புத்தக அலமாரியும் வந்தது. இதன் பெரிய லாபம், பலகை ஒட்டும் வேலையே இல்லாதது. புதியவருக்கு மேசையில் கடினமான இடம் காலோ பொருத்தோ அல்ல. இரண்டு 5 அடிப் பலகைகளின் விளிம்புகளை வெளிச்சம் நுழையாதபடி நேராக இழைப்பது. பிளைவுட்டில் அது கிடையாது. வெயிலுக்கும் மழைக்கும் அகலம் மாறுவதும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஈரத்துணியால் தினமும் துடைக்கிற மேசை என்பதால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. விளிம்பில் திருகாணி ஏற்றினால் அடுக்கு பிளக்கும். சுற்றிலும் மர ரீப்பர் ஒட்டித்தான் ஆக வேண்டும். மேசை இன்றுவரை அசையவில்லை, வளையவில்லை. அதன்மேல் எனக்குப் பாசமும் இல்லை. தட்டினால் மரச் சத்தம் வராது, கீறல் விழுந்தால் சீவிச் சரிசெய்யவும் முடியாது.

மூன்றாவதற்கு, இடித்த ஓட்டு வீடுகளின் மரம் விற்கும் கிருஷ்ணகிரிக் கடை ஒன்றில் பழைய தேக்கு உத்திரம் கிடைத்தது. பல பத்தாண்டு காய்ந்த மரம். இனி வளைய அதில் ஈரம் இல்லை. பதிலுக்கு ஆணி இருந்தது. காந்தத்தை நூலில் கட்டி, கட்டை முழுக்க ஓட்டி, பதினொரு ஆணி பிடுங்கினேன். பன்னிரண்டாவதை இழைப்புளி கண்டுபிடித்தது. பற்களில் கூசுகிற ஒரு சத்தம். அலகின் நடுவே உளுந்து அளவுக்குப் பள்ளம். அதைத் தீட்டி எடுக்க ஒரு மாலை போனது. கால்களுக்கும் சட்டத்துக்கும் இதைவிட நல்ல மரம் எனக்குக் கிடைத்ததில்லை. மேல்பலகைக்கு வேண்டிய அகலம் மட்டும் பழைய மரத்தில் அரிது.

ஆகவே என் தேர்வு நேரத்தைப் பொறுத்தது. தை மாதத்துக்குள் மேசை வேண்டும் என்பவர் பழைய மரத்தில் காலும் பிளைவுட்டில் மேல்பலகையும் போடட்டும். ஓராண்டுக்கு மேல் பொறுக்க முடிகிறவர் மாவையே எடுக்கட்டும். கெடுத்தாலும் மனம் ஆறுகிற விலை, கெடுக்காவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் ரேகை. மேல்பலகையை மட்டும் சட்டத்தோடு ஒட்டிவிட வேண்டாம். திருகாணி போகும் துளையை அகலவாக்கில் நீளமாக வெட்டுங்கள். மூன்றடி அகலப் பலகை கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் அரை சென்டிமீட்டர்கூடப் போய்வரும். வழி விட்டால் போய்வரும், விடாவிட்டால் வெடிக்கும்.

புதுத் தேக்கை நான்காவது மேசைக்கு வைத்துக்கொள்ளலாம். மாமா கோபித்தால் கோபிக்கட்டும்.

காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். பலகையோடு அறுத்த துண்டு ஒன்றைத் தனியே எடுத்து, தேதி எழுதி, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுக்கிறேன். எடை குறைவது நின்றால் பலகை தயார். போன வருடம் ஆவணியில் அறுத்தபோது அந்தத் துண்டு 1,340 கிராம். இப்போது 905. கடைக்காரர் பருப்புப் பொட்டலத்தை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலேயே கை நீட்டி அதை வாங்கிக்கொள்கிறார். போன மாதத்தைவிட 15 கிராம் குறைந்திருக்கிறது. உளியை இன்னும் எடுக்கவில்லை.