டர்ஹாம் புல்ஸ் அணியின் 2022 சீசன்: ஒரு மதிப்பீடு

மைனர் லீக் பேஸ்பால் அணியொன்றை ஒரு சீசன் முழுவதும் தொடர்ந்து பார்க்க விரும்புவோர், தமக்குப் பிடித்துப்போன வீரர் எந்த வாரத்திலும் அணியை விட்டுப் போய்விடலாம் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வட கரோலினாவின் டர்ஹாம் புல்ஸ், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான ட்ரிபிள்-ஏ நிலையில் 1998 முதல் டாம்பா பே அணிக்கு வீரர்களைத் தயார்செய்து தரும் அணியாகும். மேலே ஒருவருக்குக் காயம் பட்டால் இங்கிருந்து ஒருவர் புறப்பட்டுப் போகிறார். அங்கே தடுமாறுபவர் இங்கு வந்து சேர்கிறார். இப்படி ஆட்கள் மாறிக்கொண்டே இருந்த 2022ஆம் ஆண்டில்தான் இவ்வணி, தான் ஆடும் ட்ரிபிள்-ஏ லீகான இன்டர்நேஷனல் லீகின் பட்டத்தை வென்றதோடு, அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் ரீனோ ஏசஸ் அணியை 10-6 என வீழ்த்தி ட்ரிபிள்-ஏ தேசியப் பட்டத்தையும் கைப்பற்றியது.

என் கணிப்பில் அந்த சீசனின் நாயகன் ஜோனத்தன் அராண்டாதான். மெக்சிகோவின் டிஹுவானாவில் பிறந்த இந்த இடக்கை ஆட்டக்காரர் .318 பேட்டிங் சராசரியும் (ஆயிரம் வாய்ப்புகளுக்கு 318 வெற்றிகரமான அடிகள் என்ற விகிதம்) 18 ஹோம் ரன்களும் (பெரும்பாலும் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து எடுக்கும் ரன்கள்) எடுத்து, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஆயினும் எண்களைவிட அவருடைய நிதானமே என்னை ஈர்த்தது. விலகிப் போகும் பந்தைத் தொடாமல் விட்டுவிடுவார்; வெளி ஓரத்தில் விழும் பந்தை வலப்புறம் இழுத்தடிக்க முயலாமல், அது வரும் போக்கிலேயே இடப்புறம் திருப்பிவிடுவார். டர்ஹாம் மைதானத்தில் இடப்புற எல்லை 305 அடி தொலைவில்தான் இருக்கிறது; அங்கே 32 அடி உயரத்தில் நீல நிறச் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரில் மோதித் திரும்பும் பந்தை எதிரணியினர் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். அராண்டா 2025இல் மேஜர் லீகின் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானபோது, டர்ஹாம் ரசிகர்களில் எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

ஜோஷ் லோ என்ற வீரரின் கதை வேறு. டாம்பா பே அணியில் சீசனைத் தொடங்கிய அவர், மே மாதத்தில் டர்ஹாமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். டர்ஹாமிலிருந்து மேலே போன ஐசக் பரேடஸோ, ஜூன் 21 அன்று மேஜர் லீகின் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். லோ மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே மேஜர் லீகில் 20 ஹோம் ரன்கள் அடித்ததோடு 32 முறை பேஸையும் திருடினார் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது).

பயிற்சியாளர் பிரேடி வில்லியம்ஸுக்கு உரிய பாராட்டு போதிய அளவு கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். நேற்று ஆடியவர் இன்று இருப்பாரா என்பது தெரியாத நிலையில் 150 ஆட்டங்களை நடத்தி, இறுதியில் பட்டமும் வெல்வது எளிய காரியமன்று.

குறை என்று சொன்னால், ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள் ஆடும் இப்போதைய முறையைத்தான் சொல்ல வேண்டும். வார இறுதியில் மட்டும் வருபவர்களுக்கு இது உறுத்தாது. அடிக்கடி வருபவர்களுக்கு நான்காம் நாளிலேயே அலுப்புத் தட்டும். ஆனால் செவ்வாயன்று வீசிய பிட்சரே ஞாயிறன்றும் வரும்போது, முன்பு ஏமாந்த பேட்டர்கள் அவரை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு இம்முறையால்தான் கிடைக்கிறது. அதைக் கூர்ந்து கவனிக்க விரும்புவோர், பேட்டர் நின்று ஆடும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே செலவழிக்கலாம்.