பழைய கல்வீட்டுக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் நாங்கள் வாங்கியது 18-ம் நூற்றாண்டுப் பண்ணை வீடு. மணற்கல் சுவர், கல்பலகை வேய்ந்த கூரை, பின்புறம் ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிய பழத்தோட்டம். கல்லிடுக்குகளை மறுபடி பூச வேண்டி வந்தபோது சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தோம். இன்னொரு பழைய வீடு அமைந்தாலும் அதையேதான் செய்வேன்.

சிமெண்ட் மலிவு, சீக்கிரம் இறுகும், எல்லாக் கொத்தனாருக்கும் பழக்கமானது. அதில் தகராறு இல்லை. 1824-ல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் இதே யார்க்‌ஷயரின் லீட்ஸ்காரர்தான். ஆனால் எங்கள் சுவர் அதற்கு முந்தியது, கட்டிய முறையே வேறு. உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒரு கல்வரிசை, நடுவில் சல்லியும் காரையும். இரண்டையும் பிணைக்க ஆங்காங்கே குறுக்கே போகும் நீளக்கற்கள். மழையில் இந்தச் சுவர் நனையத்தான் செய்யும். நனைந்தது காய்ந்துவிட்டால் போதும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் காரை வழியாக ஈரம் வெளியேறிவிடும். இடுக்கைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியாகத்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் அது கல்லுக்குள்ளேயே உறைந்து விரியும். கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

முந்தைய உரிமையாளர் பூசிய மேற்குச் சுவரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல் உள்வாங்கிவிட்டது, சிமெண்ட் மட்டும் சட்டம் போல முன்னால் துருத்தி நிற்கிறது. உள்பக்கம் ஓதம்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்புதான். சுண்ணாம்புக் காரையும் தேயும், என்றாவது மறுபடி பூசத்தான் வேண்டும். ஆனால் அப்போது போவது காரை, கல் அப்படியே இருக்கும். சிமெண்டில் போவது கல். அதே நிறம், அதே துகளமைப்பு உள்ள கல்லைத் தேடிப் பிடித்து, அளவுக்குச் செதுக்கி, பழையதைப் பெயர்த்துப் பொருத்தும் கூலியை ஒரே ஒரு கல்லுக்கு விசாரித்துப் பாருங்கள். முதலில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போகும் என்று தெரிந்துவிடும்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும், உண்மைதான். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் பூசக்கூடாது. அதனால் இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் வேலை. வெயிலும் காற்றும் சட்டென்று உலர்த்திவிடாமல் ஈரச்சாக்கு போர்த்திச் சில நாள் காக்க வேண்டும். இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்காவது ஆழம் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். வீட்டுச் சுவருக்கு நாங்கள் எடுத்தது நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு, என்.ஹெச்.எல். 3.5 (எண் கூடினால் கெட்டித்தன்மையும் கூடும்), கூட கரகரப்பான மணல்.

தோட்ட மதிலுக்குக் கூரை கிடையாது. மழை இரு பக்கமும் அடிக்கும், தலையிலும் இறங்கும். அதனால் உச்சிக் கற்களுக்கு மட்டும் இன்னும் கெட்டியான என்.ஹெச்.எல். 5. தெற்கு பார்த்த முகத்தில் உள்பக்கம் செங்கல் பதித்திருக்கிறார்கள். பகல் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் படரவிட்ட பேரிக்காய்க்கும் பிளம்முக்கும் அந்தச் சூடு வேண்டும். பழைய செங்கல் கல்லைவிட மென்மை, சிமெண்ட் அதன் பக்கமே போகக்கூடாது. மதில் வேலை முடிந்து சில குளிர்காலங்கள்தான் கடந்திருக்கின்றன. இதுவரை விரிசல் இல்லை என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

அப்புறம், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பே இருந்த மதிலும் பொதுவாக அந்தப் பாதுகாப்புக்குள் வரும். கைவைப்பதற்கு முன் உள்ளூர் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

கருங்கல் போலக் கடினமான கிரிட்ஸ்டோன் வீடுகளில் சிமெண்ட் பூசியும் கல்லின் முகம் சேதமில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். எங்கள் வடக்குச் சுவரிலும் பழைய சிமெண்ட் இன்னும் இறுகப் பிடித்திருக்கிறது. பெயர்த்தால் கல்லின் விளிம்பு உடையும் என்பதால் அதைத் தொடவில்லை. தானாகத் தளரும் இடங்களை மட்டும் உளியால் எடுத்து, கோடையில் சுண்ணாம்பு பூசி வருகிறோம்.