பதினாறு முழக் கில்ட்டும் கோலாலம்பூர் வெயிலும்

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புடைதான் கில்ட். அதை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "ஊர் என்ன சொல்லும்?" அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் தையலில் இருக்கிறது. இடுப்பில் சரியாக உட்கார்ந்த கில்ட்டை மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு தே தாரிக் தேநீருக்குத் திரும்பிவிடுவார்கள். தையல் கெட்ட கில்ட்டைத்தான் "என்ன அண்ணே, பாவாடையா?" என்று கேட்பார்கள்.

ஸ்காட்லாந்து முறைப்படி கையால் தைத்த கம்பளிக் கில்ட்டுக்கு 8 கஜம் துணி பிடிக்கும். நம் கணக்கில் 16 முழம். மடிசார் புடவைக்கு ஒரு கஜம்தான் குறைவு. கஜத்துக்கு 16 அவுன்ஸ் கனமுள்ள இரட்டை அகலத் துணியில் 4 கஜம் எடுத்து, நீளவாக்கில் கிழித்து இணைப்பார்கள். தைத்து முடித்தால் ஒன்றே முக்கால் கிலோ அளவில் நிற்கும். முன்பக்கம் இரண்டு தட்டையான மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மடிப்பு முழுவதும் பின்பக்கம். அதனால் கால் காற்றாட இருக்கும், முதுகின் அடிப்பாகம்தான் வேகும். அங்கே துணி பல அடுக்காகச் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். 33 டிகிரியில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மஸ்ஜித் இந்தியா வரை நடந்தால் கச்சைப்பகுதி நனைந்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர்களின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் திருநாள் விருந்துக்கு, குளிரூட்டிய மண்டபத்துக்கு, இதைவிட அழகான உடை இல்லை. அன்றாடத்துக்கு ஆகாது. விலையும் 500 பவுண்டுக்கு மேல் போகும்.

அடுத்தது பி.வி. என்கிற பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலவை. குளிர்ந்த தண்ணீரில் மெஷினில் போடலாம், மடிப்பு கலையாது, எடையும் குறைவு. ஆனால் வியர்வையைப் பருத்தி அளவுக்கு உறிஞ்சாது. ஏசி அலுவலகத்துக்கும் எல்ஆர்டி ரயிலுக்கும் மட்டும் என்றால் இதை எடுக்கலாம்.

நம் ஊர்த் தெருவுக்குப் பொருந்துவது மூன்றாவது வகை, பருத்தி ட்வில் துணியில் வரும் யூட்டிலிட்டி கில்ட். 2000இல் அமெரிக்காவின் சியாட்டிலில் யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் இதை ஒரு வியாபாரமாகத் தொடங்கியது. இன்று இணையக் கடைகளில் 200, 300 வெள்ளி (ரிங்கிட்) வாக்கில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்தவை. பக்கவாட்டில் பெரிய பை இருக்கும். கைப்பேசி, பணப்பை, டச் அண்ட் கோ பயண அட்டை எல்லாம் அடங்கும். பாரம்பரியக் கில்ட்டில் பையே கிடையாது, அதற்காகத்தான் முன்னால் ஸ்போரான் என்ற தோல் பை தொங்குகிறது. விலை பார்க்கும்போது வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2024 ஜனவரி முதல், 500 வெள்ளியைத் தாண்டாத இறக்குமதி இணையப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

மலிவுக் கில்ட்டின் பெரிய குறை மடிப்புத் தையல். நல்ல கில்ட்டில் ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகலமான இடம் வரை, ஏறக்குறைய 20 செ.மீ., தைத்து அடக்கப்பட்டிருக்கும். மேலே குறுகி, கீழே அகன்று வரும். அதற்குக் கீழேதான் துணி விடுபட்டு ஆடும். மலிவு ரகத்தில் 5, 6 செ.மீ. தைத்துவிட்டு மேலிருந்தே விட்டுவிடுகிறார்கள். இடுப்பிலிருந்தே குடைபோல விரிகிறது. பாவாடைப் பேச்சு வருவது இதனால்தான். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ பாவாடை, சூரிதார் தைக்கும் கடையில் கொடுத்து, மடிப்புகளை ஊசிகுத்தி 18, 20 செ.மீ. வரை இறக்கித் தைக்கச் சொன்னால் குறை தீரும். அப்படியே ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் 2 மி.மீ. உள்ளே ஒரு நேர்த்தையல் ஓட்டச் சொல்லுங்கள். பருத்தி மடிப்பு ஒரே சலவையில் கலைந்துவிடும். இந்தத் தையல் இருந்தால் இஸ்திரிப் பெட்டிக்குக் கோடு தெரியும், பாதி வேலை மிச்சம்.

அளவில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஜீன்ஸ் 34 என்பதால் கில்ட்டும் 34 கேட்பது தப்பு. பாரம்பரிய வகை தொப்புள் மட்டத்தில் நிற்கும், அங்கே பலருக்கு 37, 38 இருக்கும். யூட்டிலிட்டி வகை கொஞ்சம் கீழே உட்காரும். எந்த மட்டத்தில் கட்டப் போகிறீர்களோ அங்கே டேப்பைச் சுற்றி, மூச்சை இழுக்காமல் அளக்கவும். நீளம் அந்த மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை. மண்டியிட்டுப் பார்த்தால் ஓரம் தரையைத் தொடாமல் 2, 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். இதற்குக் கீழே இறங்கினால் பாவாடை, ஏறினால் பள்ளிச் சீருடை. நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டும் முறை வேட்டி கட்டிய கைக்குச் சீக்கிரம் பழகிவிடும். உள்மடல் வலப்புறமிருந்து இடப்புறம் போகும்; அதன் வார் இடது இடுப்பில் உள்ள துளை வழியே வெளியே வந்து மாட்டும். மேல்மடல் இடமிருந்து வலம் வந்து வலது இடுப்பில் மாட்டும். குஞ்சம் வைத்த ஓரம் வலப்புறம் தெரிந்தால் சரி. கில்ட் ஊசியை மேல்மடலில் மட்டும் குத்தவும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் இதைத் தூக்கிக் கட்ட வழியில்லை, அந்தச் சுகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உட்காரும்போது புறங்கையால் பின்மடிப்பைத் தடவிக் கீழே இறக்கிவிட்டு உட்காரவும். இல்லாவிட்டால் மடிப்பு கசங்குவதோடு, எல்ஆர்டியின் பிளாஸ்டிக் இருக்கையில் தொடை ஒட்டிக்கொள்ளும். உள்ளே தொடைவரை வரும் பருத்திக் கால்சட்டை கட்டாயம். தொடை உரசல் அதனால் நிற்கும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய நகரும் படிக்கட்டிலும், பத்துமலையின் 272 படியிலும் கீழே நிற்பவருக்கும் நிம்மதி. பத்துமலைக்குச் சுற்றிப்பார்க்கக் கட்டிப் போனால் ஸ்போரானைக் கழற்றி வைத்துவிடுங்கள், தொங்குகிற எதையும் குரங்கு விடாது. பினாங்கு பாடாங் கோத்தா லாமா கடற்காற்றுக்குப் பருத்திக் கில்ட் எளிதில் தூக்கும். 16 அவுன்ஸ் கம்பளி அசையாது. அதன் எடைக்குக் கிடைக்கும் ஒரே லாபம் அது. காப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கில்ட்டும் வேண்டாம்.

பொதுக் கழிப்பறையில் மட்டும் கில்ட் வேட்டியை வென்றுவிடுகிறது. ஈரத் தரையில் ஓரம் படாது. குந்தும்போது பின்மடிப்பை இரு கையாலும் முன்னால் வாரி மடியில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இனி மனிதர்கள். இரு காலாகப் பிரியாத ஆணுடை இந்த ஊருக்குப் புதிதல்ல. மலாய்க்காரர் கால்சட்டைமேல் சம்பிங் என்ற துணியைச் சுற்றிக் கட்டுகிறார், பெலிக்காட் கைலி வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பெலிக்காட் என்ற பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து போனது. அதனால் கருப்பு, காக்கி போன்ற ஒற்றை நிறத்தில் கட்டினால் கேள்வி குறைவு. சிவப்புக் கட்டம் போட்ட டார்டன் என்றால் "பேண்டுல வாசிக்கிறீங்களா?" என்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு: 2019இல் கிளாஸ்கோ உலகப் பைப் பேண்ட் (பைக்குழல் இசைக்குழு) போட்டியில் 4பி பிரிவை வென்ற ஸ்ரீ தஸ்மேஷ் குழு மலேசியச் சீக்கியர்களுடையது. மலாயில் கேட்டால் "காயின் ஸ்காட்லாந்து" என்ற இரண்டு சொல் போதும். "உள்ளே என்ன?" என்று சிரிப்பவருக்கு, "உங்க கைலிக்குள்ள என்னவோ அதுதான்."

அரசு அலுவலகத்துக்கு மட்டும் கட்டிப் போகாதீர்கள். முழங்கால் தெரிந்தால் வாசல் காவலர் நிறுத்துவார், அவரிடம் ஸ்காட்லாந்து வரலாறு எடுபடாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி இருக்கவே இருக்கிறது.

துவைப்பதற்கு முன் மடிப்புகளின் அடியோரத்தில் பெரிய தையலாக நூல் ஓட்டிக் கட்டி, காய்ந்து இஸ்திரி போட்டபின் உருவிவிடவும். முதல் மூன்று சலவை தனியாக. கருப்புச் சாயம் இறங்கும். மழைக்காலத்தில் ட்வில் முழுதாகக் காய ஒன்றரை நாள் ஆகலாம், ஆகையால் மாற்றுக்கு இன்னொன்று வேண்டும். அலமாரியில் மடித்து வைக்காமல், கவ்வி வைத்த ஹேங்கரில் தொங்கவிடவும். தோல் வாரில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒரு முறை துடைத்துக் காற்றில் உலர்த்தவும். அழுத்தி மாட்டும் பட்டன்கள் வியர்வையில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். அவற்றைப் பித்தளைக்கு மாற்ற வேண்டுமானால், மடிப்புத் தைக்கக் கொடுக்கும்போதே தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.