ஒரே கப்பலில் இரண்டு ஓவியர்கள்: காஸ்டீல்ஸும் டில்லமன்ஸும்

இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் பிறந்த பீட்டர் காஸ்டீல்ஸும் அவருடைய சகோதரியை மணந்த பீட்டர் டில்லமன்ஸும் 1708இல் ஒன்றாக இங்கிலாந்துக்குப் போனார்கள். ஓவிய வியாபாரி ஒருவர்தான் அழைத்துப்போனார். அப்புறம் வழி பிரிந்தது.

டில்லமன்ஸ் பெரிய மனிதர்களை நோக்கிப் போனார். நியூமார்க்கெட் குதிரைப் பந்தயம், வேட்டை, பிரபுக்களின் மாளிகைகள் எல்லாம் அவர் தூரிகைக்கு வந்தன. நார்தாம்ப்டன்ஷயர் என்ற ஆங்கிலேய வட்டாரத்தின் வரலாற்றுக்காக அதைத் தொகுத்த ஜான் பிரிட்ஜஸ் அவரிடம் நூற்றுக்கணக்கான சித்திரங்கள் வரையச் சொன்னார். ஆஸ்துமா தொல்லையோடுதான் இத்தனையும். 1734இல் சஃபோக்கில், தன்னை ஆதரித்த காக்ஸ் மாக்ரோவின் வீட்டில் இறந்தார்.

காஸ்டீல்ஸ் அலங்கார ஓவியர். கதவுக்கு மேலும் கணப்படுப்புக்கு மேலும் மாட்ட மயில், கோழி, பூச்சாடி என்று வரைந்தார். 1730இல் கென்சிங்டன் நாற்றுப்பண்ணைக்காரர் ராபர்ட் ஃபர்பருக்காக, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பூங்கொத்துகள் வரைந்தார். ஹென்றி ஃபிளெட்சர் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். ஒவ்வொரு பூவுக்கும் எண், கீழே பெயர்ப் பட்டியல். பார்க்கக் கலை, உள்ளே சுத்தமான விற்பனை விளம்பரம்! நானூறு வகைச் செடிகளை இவ்வளவு அழகாக விற்றவர் வேறு யார்?

1735இல் தூரிகையை ஓரம் வைத்துவிட்டு, டூட்டிங் அருகே ஒரு துணி அச்சடிக்கும் பட்டறைக்கு வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். 1749இல் ரிச்மண்டில் இறந்தார்.

பந்தயம், வேட்டை என்று வரையும் ஆங்கிலேய விளையாட்டு ஓவியத்தின் முன்னோடி என்ற பெயர் டில்லமன்ஸுக்கு. சரி, அது நியாயம்தான். ஆனால் சுவரில் மாட்ட ஒன்றைக் கொடுத்தால், நான் காஸ்டீல்ஸின் பூக்களைத்தான் எடுப்பேன்.