வார்பேண்டுக்கு வீட்டு ரூல்: போனஸ் கொடுக்கலாமா, விலை போடலாமா, இல்ல கையைக் கட்டலாமா

மலேசியாவுல, கெடா மாநிலத்து பீடோங்ல எங்க அண்ணன் வீட்டு போர்ச்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் அஞ்சு பேர் கூடுவோம், 4 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒண்ணு, கித்தா மரத்துக் குச்சிய நட்டு வச்ச காடு, ஐஸ்கிரீம் குச்சியில செஞ்ச கோட்டை வாசல், அவ்வளவுதான் எங்க போர்க்களம். அடிப்படை ரூல் 1999-ல வந்த மோர்டைம், சின்னப் பொம்மைங்களை மேசையில நிறுத்தி டைஸ் போட்டு ஆடுற சண்டை விளையாட்டு, 500 கிரவுன் ஆட்டக் காசுல ஆளுங்களைச் சேர்த்து ஆரம்பிக்கிறது. ஆனா எங்களுக்கு அந்த ஜெர்மன் மாதிரி ஊரு ஒட்டல, பக்கத்துல மெர்போக் இருக்கு, பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கு, 1025-ல ராஜேந்திர சோழன் படை வந்து இறங்குன கடாரம் நம்ம கெடாதான்னு சின்னப் பிள்ளையிலேர்ந்து கேட்டு வளந்தவங்க நாங்க. அதனால ஒரு பக்கம் சோழர் கப்பல் படை, இன்னொரு பக்கம் கடாரத்துக் காவல் படைன்னு ரெண்டு வார்பேண்ட், அதாவது சின்னப் படை, உண்டாக்குனோம். மினியேச்சர் பெயிண்ட் பண்றது லேசா முடிஞ்சிடுச்சு, ரூல் எழுதுறதுலதான் ஒரு வருஷம் போச்சு. தீம் படைக்கு வீட்டு ரூல், அதாவது நாமளே சேத்துக்கிற ரூல், எழுத நாலு வழி இருக்கு, நாலையும் விளையாடிப் பாத்துட்டுதான் எழுதுறேன்.

முதல் வழி எல்லாரும் முதல்ல போற வழி, படைக்கு ஒரு போனஸ் சும்மா கொடுத்துடறது. மோர்டைமே மனுஷப் படைக்கு அப்படித்தான் செய்யுது. அதுல ஊர் வாரியா மூணு படை: ரைக்லாண்ட் தலைவனோட தைரியம் (பக்கத்துல நிக்கிற ஆளுங்களும் டெஸ்ட்டுக்கு அதை எடுத்துக்கலாம்) 6 இஞ்சுக்குப் பதிலா 12 இஞ்சு தூரம் எட்டும், மிடன்ஹைம் தலைவனுக்கும் சாம்பியனுக்கும் ஸ்ட்ரெங்த், அதாவது அடியோட பலம், 4, மரியன்பர்க் வியாபாரிங்களுக்கு 100 கிரவுன் கூட. இதுல எனக்குப் பிடிச்சது ரைக்லாண்ட்தான், ஏன்னா அது நீங்க ஆளை நிறுத்தி வைக்கிற விதத்தையே மாத்துது, ஸ்ட்ரெங்த் 4 டைஸைத்தான் மாத்துது.

நாங்க பண்ணுன தப்பு என்னன்னா கடாரத்து வில்லாளுங்களுக்கு எய்யிறதுல +1 கொடுத்தோம். கேக்க சின்னதா இருக்கும் லா. ஆறு பக்க டைஸ்ல 4-ஓ அதுக்கு மேலயோ வேணுங்கிற ஆளு 12 அம்பு விட்டா சராசரியா 6 படும், +1 கொடுத்தா 8, சரி போகட்டும். ஆனா எதிராளி தூரத்துல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா தூரத்துக்கு ஒண்ணு மறைவுக்கு ஒண்ணு கழிச்சு 6 போட்டாதான் படும், அதாவது 12-க்கு 2, இதே +1 வந்தா 5, அப்போ 12-க்கு 4, ரெண்டு மடங்கு. ஒழுங்கா மறைஞ்சு விளையாடுனவனைத்தான் இந்த போனஸ் ரொம்ப அடிக்குது. மூணு ஆட்டத்துல சோழர் பக்கம் விளையாடுன தம்பி மறையுறதையே விட்டுட்டான், நேரா ஓடி வந்து மோதுறான், நாங்க ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச காடு மேசையில சும்மா நிக்குது. அன்னைக்கே அந்த ரூலை அடிச்சிட்டோம். போனஸ் கொடுக்கணும்னா டைஸ்ல கொடுக்காதீங்க, தூரத்துல கொடுங்க, நிக்கிற இடத்துல கொடுங்க.

ரெண்டாவது வழி விலை போடறது. ஒவ்வொரு திறமைக்கும் இத்தனை கிரவுன்னு வச்சிட்டா நியாயமா இருக்கும்னு கணக்கு வாத்தியார் வேலை பாக்குற அக்கா சொன்னாங்க, எனக்கும் சரின்னு பட்டுச்சு. காட்டுக்குள்ள வேகம் குறையாம நடக்கிற திறமை, ஆளுக்கு 5 கிரவுன்னு போட்டோம். காடு நிறைஞ்ச மேசையில அந்த 5 கிரவுன் தங்கம், கடற்கரை மேசை போட்டா மண்ணு, மேசை யாரு போடறாங்கன்னு ஒவ்வொரு வாரமும் சண்டை. அதோட 3 பேர் வாங்குறதும் 12 பேர் வாங்குறதும் ஒண்ணு இல்ல, 12 பேரும் காட்டுக்குள்ள வேகமா போனா படையோட ஆட்டமே வேற ஆயிடுது, ஆனா விலை என்னமோ தலைக்கு அதே 5. கம்பெனிக்காரனே இதுல சறுக்கியிருக்கான், மோர்டைம்ல கவண் விலை வெறும் 2 கிரவுன், பாதி தூரத்துக்குள்ள ரெண்டு தடவ எறியலாம், ஸ்கேவன் எலிப்படையில 20 பேர் வரைக்கும் சேக்கலாம், சேத்துப் பாருங்க என்ன நடக்கும்னு. விலை போடற வழி டோர்னமெண்ட்டுக்கு, அதாவது முன்னப்பின்ன தெரியாத ஆளோட விளையாடறதுக்கு உதவும். வாராவாரம் மொகத்தைப் பாத்து விளையாடற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது கணக்குப் புத்தகம்தான், தீம் அதுல இல்ல.

மூணாவதுதான் நான் அடிச்சுச் சொல்ற வழி, கையைக் கட்டறது. படைக்கு என்ன உண்டுன்னு எழுதறதுக்கு முன்னாடி என்ன இல்லைன்னு எழுதுங்க. ஃப்ராஸ்ட்கிரேவ்னு மந்திரவாதிங்களை வச்சு ஆடுற இன்னொரு விளையாட்டு 2015-ல வந்தப்போ இதை அழகா செஞ்சாங்க, 10 மந்திரப் பள்ளி இருக்கு, எதுக்கும் தனி விலை கிடையாது, ஆனா உன் பள்ளிக்கு நெருங்குன பள்ளியோட மந்திரம்னா +2 கஷ்டம், சம்பந்தமில்லாததுன்னா +4, எதிர்ப் பள்ளின்னா +6. உன்னால என்ன முடியாதுங்கிறதுலதான் நீ யாருன்னு தெரியுது.

எங்க சோழர் படைக்கு அப்படித்தான் எழுதுனோம், கப்பல்ல வந்த கூட்டம், அதனால குதிரை கிடையாது, 15 பேர் உச்சவரம்பு 10 ஆச்சு. இதுக்குப் பதிலா வேளைக்காரர் ரூல். தலைவனுக்காக உயிர் கொடுக்கிறதா சபதம் போட்ட படை அது, அதை முதல்ல போனஸா எழுதுனப்போ 'இவங்க ஓடவே மாட்டாங்க'ன்னு எழுதிட்டோம். மோர்டைம்ல கால்வாசி ஆள் விழுந்தா படை ஓடுதா நிக்குதான்னு டைஸ்ல டெஸ்ட் போடணும், சில நேரம் நாமளே ஓடிப் போயி ஆளைக் காப்பாத்திக்குவோம். ஓடவே முடியாத படை கடைசி ஆள் வரைக்கும் நின்னு விழுந்துச்சு, ஆட்டம் முடிஞ்சு சாதா ஆளுக்கு ஒவ்வொரு டைஸா போடறோம், 1, 2 வந்தா செத்தான், தம்பி போட்ட ஆறு டைஸ்ல நாலு செத்துச்சு. அவன் ஒண்ணும் பேசல, அந்த நாலு பொம்மையையும் ஒவ்வொண்ணா எடுத்து துணியில சுத்தி மைலோ டின்னுக்குள்ள வச்சான், ஒரு மாசம் சோழரை எடுக்கல. அப்புறம் திருப்பி எழுதுனோம்: தலைவன் நிக்கிற வரைக்கும் டெஸ்ட் இல்ல, தலைவன் விழுந்தா கிட்ட இருக்கிற எதிரி மேல பாஞ்சே ஆகணும், பின்வாங்க முடியாது, அந்த ஆட்டத்துக்கு மட்டும் சாகுறது 1 வந்தாதான். இப்போ தலைவனை எங்க நிறுத்துறதுங்கிறதே பெரிய யோசனை ஆயிடுச்சு, ரெண்டு பக்கமும் அவனைச் சுத்தியே ஆடுறோம்.

ஒரு எச்சரிக்கை, இந்த வழியில பொய் இழப்பு வரும். கடாரம் பக்கம் ஆடுறவரு 'என் படையில துப்பாக்கி கிடையாது, அதுக்கு ஏதாச்சும் கொடுங்க'ன்னாரு, 1025-ல யாருகிட்ட துப்பாக்கி இருந்துச்சு? அதனால நாங்க ஒரு சோதனை வச்சிருக்கோம், விட்டுக்கொடுக்கிற பொருளைக் கடைசி மூணு ஆட்டத்துல நீ காசு போட்டு வாங்கியிருக்கணும், வாங்கலன்னா அது இழப்பே இல்ல. அவரு கடைசியா விட்டது கனமான கவசம், அது நிஜ இழப்பு, பதிலுக்குக் காட்டு நடை கிடைச்சுது, விலை இல்லாம.

நாலாவது வழி சுருக்கமா. படைக்கு ரூலே மாத்தாம சினாரியோவுல, அதாவது அந்த ஆட்டத்தோட கதையிலயும் இலக்குலயும், தீம் வைக்கலாம், சோழருக்கு வேலை அகநகர் வாசல்ல இருக்கிற விச்சாதிரத் தோரணங்கிற வாசல் வளைவைப் பிடிக்கிறது, ராஜேந்திரனோட கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியிலேயே இருக்கு, கடாரத்துக்கு வேலை எட்டு டர்ன் தாங்குறது. ஸ்கூல் லீவுல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்ல, அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாங்க. தொடர் கேம்பெய்ன்னுக்கு மட்டும் பத்தாது, ரெண்டாவது வாரமே ரெண்டு படையும் ஒரே மாதிரி ஆயிடும்.

இப்போ மிச்சம் இருக்கிறது யானை. கடாரத்து அரசனை யானையோட சேத்துப் பிடிச்சதா மெய்க்கீர்த்தி சொல்லுது, அதனால யானை கடாரத்துக்குத்தான், அதுல யாருக்கும் தகராறு இல்ல. எதை விட்டுட்டு எடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி. நான் எழுதி வச்சிருக்கிறது இது: யானை எடுத்தா ஆள் 8 பேருக்கு மேல கூடாது, வில்லாள் ரெண்டே பேரு, யானை விழுந்த டர்ன்லயே டெஸ்ட் போடணும். தீபாவளி லீவுல மூணு ஆட்டம் போட்டுப் பாக்கப் போறோம், தம்பியும் மைலோ டின்னை எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கான்.